கிளை நூலகத்துக்கு வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் எங்க இருந்து தொடங்க? ஒரு பழைய நூலகரோட பதில்

உங்க கேள்விய ரெண்டு தடவை வாசிச்சேன். நீங்க எழுதினது இது: குமரி மாவட்டத்துல ஒரு கிளை நூலகம், தனி ஆளா பாக்கீங்க, வயசு 48, மேல இருந்து "நூலகத்துக்கு பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டா எல்லாம் தொடங்குங்க"ன்னு சொல்லிட்டாங்க, எங்க போய் கத்துக்கலாம், நல்ல கோர்ஸ் எது. ஆனா கடைசில ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "ரீடிங் ரூம்ல இருக்க பையங்க கிட்ட கேக்க வெக்கமா இருக்கு, வீட்ல பிள்ளைங்க கிட்ட கேட்டா போனை பிடுங்கி அவங்களே செஞ்சு குடுத்துடுதாங்க"ன்னு. எனக்கென்னமோ அதுதான் உங்க கேள்வின்னு தோணுது. இந்த வயசுல இது நமக்கு வருமா, வந்தாலும் இது நூலகர் பாக்க வேண்டிய வேலைதானா. கோர்ஸ் பத்தி ஒரு வரில சொல்லிடலாம், அதுக்கு முந்தி இதுக்கு பதில் சொல்லுதேன். வயசுல மூத்தவ, தங்கச்சின்னு நினைச்சுக்கிட்டு எழுதுதேன், தப்பா எடுக்காதீங்க.

நான் மொதல்ல ஒரு ஊர்ப்புற நூலகத்துல இருந்தேன், அப்புறம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு காலேஜ் லைப்ரரில ரொம்ப வருஷம், இப்ப ரிட்டயர்டு. அதனால நான் சொல்லுறது சின்ன நூலகம், ஒண்ணு ரெண்டு ஆளு, ஒரு பழைய கம்ப்யூட்டர், அந்த அளவுக்குத்தான் பொருந்தும். இன்ஸ்டா நான் நடத்தி ஒழுங்கா வந்ததே இல்ல, அதுல என் பேச்சை நம்பி இறங்காதீங்க. சட்டம் பத்தி சொல்லுற இடத்துலயும் ஒரு நூலகரா தெரிஞ்சதைத்தான் சொல்லுதேன், நான் வக்கீல் இல்ல.

ஒரு பழைய கதை. 2006ல அமெரிக்காவுல ஷார்லட் நகரத்து பொது நூலகத்துல ஹெலன் ப்ளோவர்ஸ்னு ஒரு அம்மா தன்கிட்ட வேலை பாக்குறவங்களுக்காக ஒரு பயிற்சி வச்சாங்க. வகுப்பு கெடையாது, வாத்தியார் கெடையாது, 23 சின்ன சின்ன வேலை, 9 வாரம், அவங்கவங்களே செஞ்சு பாத்து ஒரு வலைப்பூவுல எழுதணும், முடிச்சவங்களுக்கு ஒரு எம்பி3 ப்ளேயர் பரிசு. '23 திங்ஸ்'னு பேரு. அது அப்படியே வேற நாட்டு நூலகங்களுக்கும் பரவிச்சு. இதை நான் ஒரு ரெப்ரெஷர் கோர்ஸ்ல கேள்விப்பட்டேன், கேட்ட சூட்டுல நானும் ஒரு பிளாக்ஸ்பாட் தொடங்கி நாலு பதிவு போட்டேன், அஞ்சாவதுக்கு பாஸ்வேர்டு மறந்துட்டு (சிரிக்காதீங்க, இன்னும் அது இணையத்துல அனாதையா கெடக்கு). இப்ப அந்த 23 பட்டியலை எடுத்து பாத்தா சங்கடமா இருக்கும். ப்ளாக்லைன்ஸ், டெலிஷியஸ், ரோலியோ, டெக்னோராட்டி, பாதிக்கு மேல செத்துப் போச்சு, இல்லன்னா ஆளில்லாம கெடக்கு. நான் கஷ்டப்பட்டு கத்துக்கிட்ட கூகுள் ரீடரை 2013 ஜூலை 1ந்தேதி மூடிட்டாங்க. கூகுள் ப்ளஸ்ல நூலகத்துக்கு பக்கம் தொடங்கினேன், 2019 ஏப்ரல்ல அதுவும் போச்சு. ஆனா அந்த பயிற்சில ஒண்ணு மட்டும் சாகல. தெரியாத ஒரு ஸ்க்ரீன் முன்னால உக்காந்து, பயப்படாம அமுக்கிப் பாத்து, தப்பா போனா திரும்பி வர பழகுறது. அது ஒரு தடவை கைக்கு வந்துட்டா, நாளைக்கு வாட்ஸ்அப் போய் வேற எது வந்தாலும் நாலு நாள்ல பிடிச்சிடலாம். அதனாலதான் கோர்ஸ் எதுன்னு கேட்டா எனக்கு சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட்டுக்கு வேணும்னா சேருங்க, ஸ்வயம்னு மத்திய அரசோட இலவச ஆன்லைன் படிப்பு தளம் உண்டு, அதுல தேடுனா நூலக அறிவியல் பாடமே கெடைக்கும், வேலைக்கு வேண்டியது அதுல வராது.

வேலைக்கு வேண்டியது எங்க இருக்குன்னா உங்க கவுன்ட்டர்ல. ஒரு வாரம் ஒரு நோட்டு போட்டு, வாசகர்க என்னத்த கேக்காங்கன்னு கோடு போட்டு எண்ணுங்க. போன்ல கேக்கிறதும் சேத்து. நான் அப்படி எண்ணிப் பாத்தப்ப திரும்பத் திரும்ப வந்தது நாலே நாலு: இன்னைக்கு லைப்ரரி உண்டா, அந்த புக்கு திரும்பி வந்துட்டா, குரூப் 4க்கு புதுசா என்ன வந்திருக்கு, என் புக்கை இன்னும் ரெண்டு வாரம் வச்சுக்கலாமா. இந்த நாலுக்கும் பதில் சொல்லுற கருவி எது, அதை மட்டும் கத்துக்கிட்டா போதும். "எல்லாத்துலயும் நம்ம நூலகம் இருக்கணும்"னு தொடங்குனவங்க எல்லாரும் மூணு மாசத்துல தளந்து போறதைத்தான் நான் பாத்திருக்கேன். நாலு இடத்துல அக்கவுண்ட் தொடங்கி, நாலுலயும் கடைசி பதிவு போன வருஷ ஆயுத பூஜை வாழ்த்தா நிக்கும்.

மொத கேள்வி, இன்னைக்கு உண்டா. இதுக்கு பேஸ்புக்கும் வேண்டாம் இன்ஸ்டாவும் வேண்டாம், கூகுள் மேப். இதை யாரும் சோஷியல் மீடியான்னு கணக்குல எடுக்கிறதில்ல, ஆனா வாசகர் நம்மள மொதல்ல தேடுறது அங்கதான், அவங்க போட்டோ போடுறதும் ரிவ்யூ எழுதுறதும் அங்கதான், அதுக்கு பதில் எழுத நமக்கு உரிமையும் உண்டு. எங்க நூலகத்தை யாரோ ஒரு ஆளு மேப்ல சேத்து வச்சிருந்தாரு, நேரம் தப்பு, லீவு நாள் தப்பு, போன் நம்பர் பக்கத்து ஜெராக்ஸ் கடையோடது. பேச்சிப்பாறைல இருந்து ஒரு பொண்ணு ரெண்டு பஸ் மாறி வந்து பூட்டின கதவை பாத்துட்டு போயிருக்கா, மறுநாள் வந்து கோவிச்சுக்காம சொன்னா, அதான் எனக்கு உறைச்சுது. நம்ம நூலக அறிவியலுக்கு அடித்தளம் போட்ட ரங்கநாதன் 1931ல எழுதின அஞ்சு விதியை பரீட்சைக்கு நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணினோமே, நாலாவது என்ன, வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து. அந்த பொண்ணோட ஒரு நாளை நான் பாழாக்கியிருக்கேன், காரணம் ஒரு சின்ன பெட்டில நேரத்தை மாத்தாம விட்டது. அதனால முத வாரம் முழுக்க மேப் மட்டும். நூலகம் பேரை தேடி, 'இந்த இடம் உங்களுடையதா'ங்கற மாதிரி வருற இடத்துல போய் உரிமை கேட்டு, நேரம், லீவு, சரியான நம்பர், வாசல்ல இருந்து ஒரு போட்டோ, உள்ள ஒண்ணு. உள்ளூர் விடுமுறை விடுற நாளுக்கு தனியா நேரம் போடுற வசதியும் அதுல உண்டு, நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு எத்தனை உள்ளூர் விடுமுறைன்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது வாட்ஸ்அப், இங்கதான் நான் ரெண்டு தப்பு பண்ணினேன். ரெண்டையும் முழுசா சொல்லுதேன், நீங்க பண்ணாம இருக்க.

மொத தப்பு குரூப். மெம்பர் ரெஜிஸ்டர்ல இருந்த நம்பர் எல்லாத்தையும் எடுத்து ஒரே ராத்திரில "வாசகர் வட்டம்"னு குரூப் போட்டு சேத்துட்டேன், யார் கிட்டயும் கேக்கல. குரூப்ல எல்லாருக்கும் எல்லாரோட நம்பரும் தெரியும்ங்கறது எனக்கு தெரியாமல் இல்ல, ஆனா அதுல என்ன ஆபத்துன்னு யோசிக்கல. பத்து நாள் கழிச்சு ஒரு மாணவி அம்மாவோட வந்து நிக்கா, யாரோ ஒருத்தன் ராத்திரி ஆனா மெசேஜ் அனுப்புதான், "உங்க லைப்ரரி குரூப்ல இருந்துதான் நம்பர் எடுத்தேன்"னு அவனே சொல்லியிருக்கான். அந்த அம்மா என்னை திட்டல, "பிள்ளைய இனி அனுப்பல"ன்னு மட்டும் சொல்லிட்டு போனாங்க. அந்த பொண்ணு அப்புறம் வரவே இல்ல. அன்னைக்கு ராத்திரியே குரூப்பை கலைச்சேன்.

ரெண்டாவது தப்பு இதை விட மோசம், ஆனா அப்ப யாரும் அதை தப்புன்னே சொல்லல. புக்கு திருப்பித் தராதவங்க லிஸ்ட்டை, பேரு, புக்கு பேரு, தேதி எல்லாம் சேத்து போட்டோ எடுத்து, அப்ப வச்சிருந்த இன்னொரு குரூப்ல போட்டேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டுற பழக்கம் முந்தியே உண்டே, அதுதானேன்னு. அதுல ஒரு பெண், விவாகரத்து சட்டம் பத்தி ஒரு புக்கு எடுத்திருந்தாங்க. அந்த குரூப்ல அவங்க கொழுந்தனும் இருந்திருக்காரு. மேல நான் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா அந்த பக்கம் வந்த பத்து பேரு பாப்பாங்க, மழைல நனைஞ்சு போகும். போன்ல போட்டது ஒரு நிமிஷத்துல வேற ஆளு கைக்கு போயிடும். யாரு என்ன புக்கு எடுத்தாங்கங்கறது டாக்டர் கிட்ட சொல்லுற விஷயம் மாதிரி, நம்ம கவுன்ட்டரை தாண்டக் கூடாது. நீங்க கேட்டீங்களே இது நூலகர் வேலைதானான்னு, இந்த ஒரு காரணத்துக்காகவே இது நூலகர் வேலைதான், அக்கா பையன் கிட்டயோ ரீடிங் ரூம் தம்பி கிட்டயோ பாஸ்வேர்டை குடுத்து "நீயே பாத்துக்க"ன்னு விடக் கூடிய வேலை இல்ல. அவங்களுக்கு போன் தெரியும், வாசகரோட ரகசியம் நம்ம பொறுப்புன்னு தெரியாது.

இப்ப இதுக்கு நல்ல வழி இருக்கு. 2023 செப்டம்பர்ல இந்தியாவுல வாட்ஸ்அப் சேனல் வந்துட்டு. சேனல்ல சேருறவங்களுக்கு ஒருத்தர் நம்பர் ஒருத்தருக்கு தெரியாது, நாமதான் போடுவோம், அவங்க வாசிப்பாங்க, அவ்வளவுதான், குட் மார்னிங் ரோஜாப்பூவும் கெடையாது. கவுன்ட்டர்ல ஒரு க்யூஆர் கோடு பிரின்ட் போட்டு ஒட்டி வைங்க, வேணும்னு நினைக்கிறவங்க அவங்களே ஸ்கேன் பண்ணி சேரட்டும், நீங்களா யாரையும் சேக்காதீங்க. ப்ராட்காஸ்ட் லிஸ்ட்டும் உண்டு, ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும், ஒரு லிஸ்ட்ல 256 பேர், ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் போய் சேரும், இது தெரியாம "அனுப்புனேன் ஒருத்தரும் வரல"ன்னு நான் ஒரு வருஷம் ஒப்பாரி வச்சிருக்கேன். "என் புக்கு வந்துட்டா", "இன்னும் ரெண்டு வாரம்" மாதிரி ஒரு ஆளு சம்பந்தப்பட்டதுக்கு தனி மெசேஜ் மட்டும். அதுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை தனி சிம்ல போடுங்க, காசு கெடையாது, நூலகம் மூடின நேரத்துல மெசேஜ் வந்தா "நாளைக்கு காலைல பதில் சொல்லுதோம்"னு தானா போகுற மாதிரி வச்சிரலாம். சொந்த நம்பர்ல மட்டும் தொடங்கிராதீங்க. ராத்திரி 11 மணிக்கு "மேடம் குரூப் 4 ரிசல்ட் எப்ப"ன்னு கேப்பாங்க, அதுவும் வாய்ஸ் மெசேஜா.

எழுத்து விஷயம் ஒண்ணு இருக்கு, சின்னதா தெரியும், ஆனா நம்ம வயசுக்காரங்க எல்லாரும் விழுற குழி. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாதி பேரு இன்னும் வானவில் மாதிரி பழைய எழுத்துருல டைப் அடிச்சு பழகினவங்க. அதை காப்பி பண்ணி பேஸ்புக்ல ஒட்டுனா கோழி கிண்டின மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வரும். அதுக்கு பயந்து என்ன செய்யுதாங்கன்னா, அடிச்சதை பிரின்ட் எடுத்து அதை போட்டோ எடுத்து போடுதாங்க. போட்டோவுல இருக்க எழுத்தை தேடினா ஒழுங்கா கெடைக்காது, கண்ணு தெரியாதவங்க போன்ல வாசிச்சு காட்டுற வசதி வச்சிருப்பாங்க, அதுக்கும் சரியா பிடிபடாது. எங்க வாசகர்ல அப்படி ஒரு தம்பி இருந்தான், "மேடம் நீங்க போடுறது எல்லாம் எனக்கு 'படம்'னு மட்டும்தான் சொல்லுது"ன்னான். எந்த போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறை யூனிகோடு, 2010லயே நம்ம அரசு அதுதான்னு ஆணை போட்டாச்சு. அதனால போன்ல ஜிபோர்டுங்கற கூகுள் கீபோர்டுல தமிழ் வச்சுக்கிடுங்க, இல்லன்னா மைக்கை அமுக்கி பேசுங்க, நம்ம நாகர்கோவில் தமிழ் கொஞ்சம் தடுமாறும், கொஞ்சம் செந்தமிழ்ல பேசுனா பிடிச்சுக்கிடும். பழைய பைல் இருந்தா என்எச்எம் கன்வர்ட்டர்ல மாத்திரலாம். போஸ்டர் போடுங்க, வேண்டாம்னு சொல்லல, அதுல இருக்க விஷயத்தை கீழ எழுத்தாவும் போடுங்க. கேன்வால பூவும் பார்டருமா போஸ்டர் செய்ய உக்காந்தா ஒரு மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியாது, அது ஒரு போதை, சொல்லி வைக்கேன்.

பேஸ்புக்குக்கு வாறேன். நூலகத்துக்கு பேஜ்தான் தொடங்கணும், ஒரு ஆளு மாதிரி ப்ரொபைல் இல்ல. நிறைய நூலகம் "கிளை நூலகம்"னு ஒரு மனுசன் பேரு மாதிரி அக்கவுண்ட் போட்டு நட்பு அழைப்பு அனுப்பிக்கிட்டு இருக்கு, அதுல 5000 நண்பர்தான், பேஸ்புக் நினைச்சா முடக்கிடவும் செய்யும். பேஜ்னா நாளைக்கு உங்களுக்கு ட்ரான்ஸ்பர் வந்தா அடுத்த ஆளுக்கு அட்மின் குடுத்துட்டு போகலாம். எனக்கு தெரிஞ்ச ஒரு நூலகத்துல முந்தி இருந்தவரு தன்னோட சொந்த மெயில்ல எல்லாம் தொடங்கி ரிட்டயர் ஆகி போயிட்டாரு, அந்த பக்கம் இன்னும் பழைய நேரத்தோட நிக்கு, அழிக்கவும் வழியில்ல, மாத்தவும் வழியில்ல. அதனால மொத வேலையா நூலகம் பேருல ஒரு மெயில், பேஜை நடத்த உங்க சொந்த அக்கவுண்டோட இன்னொரு பொறுப்பான ஆளையும் அட்மினா சேருங்க, எந்த மெயில், எந்த நம்பருக்கு ஓடிபி வரும்னு ஒரு காகிதத்துல எழுதி கவர்ல போட்டு ஒட்டி சாவிக்கொத்தோட பீரோவுல வைங்க. சிரிப்பா இருக்கும், ஆனா ஸ்டாக் ரெஜிஸ்டரை ஒப்படைக்கோம்ல, இதுவும் அப்படித்தான்.

என்ன போடுறதுன்னு கேட்டா, எனக்கு நல்லா ஓடினது ரொம்ப சாதாரண விஷயம்: புதுசா வந்த புக்கை மேஜைல அடுக்கி முதுகு தெரியுற மாதிரி ஒரு போட்டோ, கீழ பேரும் ஆசிரியரும் எழுத்துல. சனிக்கிழமை சாயங்காலம் போட்டா திங்கள் அன்னைக்கு ரெண்டு பேராவது அந்த புக்கை கேட்டு வருவாங்க. அடுத்தது நம்ம ஊரு ஆளுங்க. ஜூலை 27 வந்தா கவிமணி பிறந்த நாள், 1876ல தேரூர்ல பிறந்தாரு, அன்னைக்கு நம்ம அலமாரில அவரு புக்கு எது எது இருக்குன்னு போட்டோவோட போடுங்க. ஆகஸ்ட் 21னா ஜீவா, பூதப்பாண்டிக்காரரு. வெறும் வாழ்த்து போஸ்டர் ஊர்ல எல்லாரும் போடுவாங்க, அதுல "இந்த புக்கு நம்ம கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்கிடுங்க"ன்னு சேக்குறதுலதான் நாம நூலகரா இருக்கோம். விளவங்கோடு பக்கம்னா மலையாளம் வாசிக்கிற வயசானவங்க இன்னும் உண்டு, ஒரு வரி மலையாளத்துலயும் போட்டா அவங்க முகத்துல வருற சந்தோஷமே தனி, 1956 நவம்பர் 1க்கு முந்தி திருவிதாங்கூர்-கொச்சில இருந்த ஊருல்ல இது.

டெலிகிராம் பத்தி கேட்டிருக்கீங்க, பையங்க பிடிஎப் கேக்காங்கன்னு. கேப்பாங்க, எல்லா ஊர்லயும் கேக்காங்க. விலைக்கு விக்குற கைடை ஸ்கேன் பண்ணி போடுறது திருட்டு, மத்தவங்க போட்டதை நூலகம் பேருல பார்வேர்டு பண்றதும் அதுல சேரும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. நம்ம சட்டத்துல எழுத்தாளர் இறந்த மறு வருஷத்துல இருந்து 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. கவிமணி 1954ல காலமானாரு, அப்ப 2015ல இருந்து அவரு எழுத்து எல்லாருக்கும் பொது, தாராளமா பகிரலாம். உயிரோட இருக்க எழுத்தாளரோடது கூடாது. ஆனா "இல்ல"ன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, குரூப் 4க்கு படிக்கிற பையனுக்கு மொதல்ல வேண்டியது ஸ்கூல் பாடப்புத்தகம், அதை அரசே பிடிஎப்பா இலவசமா போட்டிருக்கு, அந்த லிங்க்கை குடுங்க. பழைய தமிழ் நூலுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு, 1998ல தொடங்கின மதுரைத் திட்டம் இருக்கு, இப்ப எழுதுறவங்களே இலவசமா குடுக்கிறது ப்ரீதமிழ்ஈபுக்ஸ்ல இருக்கு. இந்த மூணு நாலு லிங்க்கை வாட்ஸ்அப் பிசினஸ்ல க்விக் ரிப்ளையா சேமிச்சு வச்சா, கேட்ட அஞ்சு செகண்ட்ல அனுப்பலாம். பையங்க கண்ணுக்கு நீங்க அன்னையில இருந்து வேற லெவல்.

பிள்ளைங்க கதை நேரம், கோடை முகாம் போட்டோ போடும்போது கொஞ்சம் நிதானம் வேணும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தைதான், பெத்தவங்க சம்மதம்ங்கறது அதுல அழுத்தமா இருக்கு. நூலக போட்டோவுக்கு அது எந்த அளவுக்கு பொருந்தும்னு என்கிட்ட சண்டை போடாதீங்க, சட்டம் இல்லன்னாலும் நான் கேட்டுட்டுத்தான் போடுவேன். முகாமுக்கு பேரு குடுக்கும்போதே பாரத்துல ஒரு வரி சேத்து கையெழுத்து வாங்கிடுங்க, இல்லன்னா முகம் தெரியாம பின்னால இருந்து எடுங்க, புக்கை பிடிச்ச கை மட்டும் எடுத்தா அது இன்னும் அழகா இருக்கும். அப்புறம் நீங்க அரசு ஊழியர், 1973 நடத்தை விதிகள் உங்களுக்கு உண்டு, நூலக பேஜ்ல உங்க சொந்த அரசியல் அபிப்பிராயம் ஒரு லைக் அளவுக்கு கூட வேண்டாம். கீழ வந்து யாராவது கட்சி சண்டை போட்டா பதில் எழுதாம மறைச்சிருங்க. எல்லாத்துக்கும் முந்தி, வாய் வார்த்தைல "தொடங்குங்க"ன்னு சொன்னதை நம்பி இறங்காம, இன்ன இன்ன தொடங்குதேன், இன்ன நம்பர்ல, இன்னார் அட்மின்னு மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி காப்பி வச்சுக்கிடுங்க. நாளைக்கு ஏதாவதுன்னா சொன்னவங்க யாரும் கூட நிக்க மாட்டாங்க.

இதெல்லாம் செஞ்சா வாசகர் வருவாங்களா? இதுவரைக்கும் சொன்னதுல எனக்கு உறுதி உண்டு, இதுல இல்ல. எங்க பேஜுக்கு லைக் போட்டவங்கள்ல நிறைய பேரு துபாய், குவைத், மஸ்கட்ல இருக்க நம்ம ஊரு பையங்க, ஊரு பேரை பாத்த பாசத்துல போடுதாங்க, அவங்க எங்க லைப்ரரிக்கு வர. லைக்கை எண்ணி மேல ரிப்போர்ட் குடுத்தா நல்லா இருக்கும், உள்ள நாற்காலி காலியாத்தான் இருக்கும். ஆனா அதுல ஒருத்தன் கருங்கல்ல இருக்க அவன் அப்பாவுக்கு போன் போட்டு சொல்லி, அந்த பெரியவரு வந்து மெம்பர் ஆனாரு, ரிட்டயர்டு வாத்தியாரு, அப்புறம் தெனமும் காலைல பேப்பர் வாறதுக்கு முந்தி அவரு வந்து நிப்பாரு. அப்ப இதை வந்துச்சுன்னு சொல்லவா, வரலன்னு சொல்லவா. மெம்பர் சேருற பாரத்துல பென்சில்ல ஒரு மூலைல "எப்படி தெரிஞ்சு வந்தீங்க"ன்னு கேட்டு குறிச்சு வைங்க, ஆறு மாசத்துல உங்க ஊரு கணக்கு உங்களுக்கே தெரியும். எங்க கணக்குல பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லி வந்ததுதான் கடைசி வரைக்கும் முன்னால நின்னுது, கூகுள் மேப் ரெண்டாவது, பேஸ்புக் எல்லாம் ரொம்ப பின்னால. இது எங்க ஊருக்கு மட்டும்.

இன்னொண்ணும் சொல்லணும். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். மரம் எல்லாம் சாஞ்சு, கரண்ட் நாள் கணக்குல இல்ல, போன் சார்ஜ் இல்ல, டவர் வந்து வந்து போகுது. வந்த நேரத்துல பார்வேர்டுதான் வந்துது, அடுத்த புயல் நாளைக்குன்னு, அது பெருசுன்னு, எல்லாம் புரளி. அன்னைக்கு எங்க நூலகத்துல வேலை செஞ்சது கரும்பலகைதான். பேப்பர்ல வந்த விவரம், கரண்ட் எந்த பக்கம் வந்திருக்கு, மீனவங்க பத்தி வந்த தகவல், எது எந்த பேப்பர்ல வந்துதுன்னு சேத்து சாக்பீஸ்ல எழுதி வாசல்ல வச்சோம், கடற்கரை பக்கத்துல இருந்து கூட ஆளு வந்து நின்னு வாசிச்சாங்க. அதனால சேனல் தொடங்கினாச்சுன்னு அந்த கரும்பலகைய பரண்ல தூக்கி போட்டுறாதீங்க. ஆபத்து நேரத்துல சேனல்ல போடும்போதும் அதே முறைதான், கலெக்டர் ஆபீஸ் சொன்னதா, வானிலை மையம் சொன்னதான்னு எழுதாம ஒரு வரி கூட போடக் கூடாது. வந்த பார்வேர்டு எதையும் நூலகம் பேருல தள்ளி விடாதீங்க.

கடைசியா அந்த வெக்கம். நான் கத்துக்கிட்டது ரீடிங் ரூம்ல போலீஸ் வேலைக்கு படிச்சிட்டு இருந்த ஒரு பையன் கிட்ட. நானா போய் கேக்கல, அவன் ஒரு நாள் பழைய கேள்வித்தாள் தேடி தராததுக்கு மூஞ்சிய தூக்கிட்டு இருந்தான், நான் தேடி எடுத்து குடுத்துட்டு "இதுக்கு கூலி, எனக்கு சேனல்னா என்னன்னு சொல்லு"ன்னேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன், போனை நீ தொடக் கூடாது, வாயால சொல்லு, நான் அமுக்குதேன். அவன் கை துறுதுறுன்னு வரும், கைய தட்டி விடுவேன். ஒவ்வொண்ணையும் ஒரு 40 பக்க நோட்டுல, ஸ்க்ரீனை கட்டம் போட்டு வரைஞ்சு, இந்த மூணு புள்ளிய அமுக்கு, அப்புறம் ரெண்டாவது வரின்னு எழுதி வச்சேன். ஆப்பு அப்டேட் ஆகி இடம் மாறினா அடிச்சு மாத்தி எழுதுவேன். அந்த பையன் சாயா குடிக்க போகும்போது எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வர ஆரம்பிச்சான். நமக்கு போன் தெரியாதுன்னு அவன் நம்மள கேவலமா நினைக்கல, நாமதான் நினைச்சுக்கிட்டு இருந்தோம். வீட்டு பிள்ளைங்க கிட்டயும் அதே கண்டிஷனை போட்டு பாருங்க, ஆனா அவங்களுக்கு பொறுமை இருக்காது, என் மகளுக்கு இருந்ததில்ல. ஒரு நாளைக்கு அரை மணி, பேப்பர் எல்லாம் எடுத்து வச்சிட்டு கூட்டம் வருறதுக்கு முந்தி, அதுக்கு மேல வேண்டாம், புக்கு அடுக்குற வேலை நிக்கக் கூடாது.

அப்ப இந்த வாரம் நோட்டு போட்டு கேள்விய எண்ணுறது, கடிதம், மேப். மேப்ல உரிமை கேக்கும்போது இப்ப பெரும்பாலும் வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுது, தெருவும் நூலக போர்டும் ஒண்ணா தெரியணும், அப்புறம் நீங்களே சாவி போட்டு கதவை திறந்து உள்ள போகுறதும் அதுல வரணும், வெட்டாம ஒரே மூச்சா எடுக்கணும். காலைல திறக்க வரும்போது யாராவது ஒரு பையனை கூட நிறுத்தி எடுக்க சொல்லுங்க, சாவியும் குடையும் சாப்பாட்டு பையுமா நீங்களே எடுத்தா ஆடும். முந்தின நாளே போர்டை துடைச்சு வச்சிருங்க. எனக்கு மொத தடவை தள்ளிட்டாங்க, பத்து வருஷ தூசில எங்க நூலகம் பேரு எனக்கே வாசிக்க முடியல.